அப்பா கொடுத்தது கார் மட்டுமா, கார் செட்டுமா?

திருநெல்வேலி சந்திப்பை அடுத்து, ஆற்றுக்குப் பக்கத்துத் தெரு ஒன்றிலிருந்து ஒரு பெண் வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விஷயங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 47. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறார். அப்பா 1974இல் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீட்டில் அம்மாவோடு இருக்கிறார். ஒரே அண்ணன், கோவையில். வீட்டுக்கு முன்புறம், தெருவைப் பார்த்து ஓடு வேய்ந்த கார் செட். அதற்குள் அப்பாவின் அம்பாசிடர் மார்க் 2, 1972இல் பதிவானது. 2020 பொங்கல் அன்று, அம்மாவும் அண்ணனும் இருக்கும்போதே, அப்பா கார் சாவியை இவர் கையில் கொடுத்து, ‘காரும் செட்டும் இனி சின்னவளுக்கு’ என்றிருக்கிறார். மறுவருஷம் அப்பா தவறிவிட்டார்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் காரின் சீட் மூழ்கும்வரை தண்ணீர். செட்டின் ஒரு சுவர் சாய்ந்துவிட்டது. இதுவரை காருக்கு 1,80,000 ரூபாய் செலவழித்திருக்கிறார். இப்போது செட்டை இடித்து, தரையை மூன்றடி உயர்த்தி, கான்கிரீட் கூரை போட நாலரை லட்சம் மதிப்பீடு. ‘உன் இஷ்டம்’ என்று இருந்த அண்ணன் இப்போது, ‘அந்த இடத்தில் இரண்டு கடை கட்டினால் வாடகை வரும், கட்டிக்கொடுத்த பொண்ணு வீட்டில் பாகம் கேட்கச் சட்டத்தில் இடமில்லை’ என்கிறாராம்.

அவருடைய கேள்விகள்: செட் என்னுடையதுதானே? போட்ட பணம் திரும்புமா? ஆர்.சி. (வண்டியின் பதிவுப் புத்தகம்) அப்பா பெயரில், அதுவும் தண்ணீரில் ஊறிவிட்டது; 15 வருஷம் தாண்டிய வண்டியை அரசாங்கம் பிடுங்கிவிடும் என்கிறார்களே? மெக்கானிக் டீசல் எஞ்சின் மாற்றச் சொல்கிறார், மாற்றலாமா? தரையை உயர்த்தக் கூடாது என்று பக்கத்து வீட்டுக்காரர் தகராறு செய்கிறார். எல்லாம் முடிந்தபின் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட்டால் போட்ட காசை எடுத்துவிடலாமா?

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் அப்பா ஒரே பேச்சில் இரண்டு சொத்தைக் கொடுத்தார். சட்டம் அந்தப் பேச்சைப் பாதியில் அறுக்கிறது. கார் உங்களுக்கு வந்துவிட்டது என்று என்னால் தைரியமாக வாதாட முடியும். செட் வரவில்லை. உங்கள் கேள்விகளில் பாதிக்குப் பதில் இதிலேயே இருக்கிறது.

சாவியோடு கார் வந்தது

கார் அசையும் சொத்து. அதைத் தானமாகக் கொடுக்கப் பத்திரம் எழுதித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. பொருளை ஒப்படைத்தாலே போதும் என்று சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 123ஆவது பிரிவு சொல்கிறது. வண்டியின் சாவியைக் கொடுப்பதும் ஒப்படைப்புதான். அம்மா, அண்ணன் இருவர் கண்முன்னே கொடுத்தது உங்களுக்குப் பலம். ‘ஓட்டிக்கொள்ளத்தான் கொடுத்தார், உடைமையாகக் கொடுக்கவில்லை’ என்று அண்ணன் நாளைக்குச் சொல்லலாம். அந்த இடத்தில்தான் நீங்கள் படம் எடுத்து அனுப்பியிருக்கும் அப்பாவின் டைரி உதவும்.

அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ‘பெட்ரோல் 10 லி’, அதற்குக் கீழே ஓடிய கிலோமீட்டர் கணக்கு, அதற்கும் கீழே அதே நீல மையில் ‘வண்டியும் செட்டும் சின்னவளுக்கு’, பக்கத்தில் கையெழுத்து. இதை உயில் என்று நினைத்திருக்கிறீர்கள். உயிலைப் பதிவு செய்யாவிட்டாலும் செல்லும், ஆனால் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டே ஆகவேண்டும். இதில் ஒருவர்கூட இல்லை. எனவே உயிலாக இதற்கு மதிப்பில்லை. காரைப் பொறுத்தவரை அப்பாவின் எண்ணத்தைக் காட்டும் நல்ல சான்று. பாதுகாக்கிறேன் என்று லேமினேஷன் மட்டும் பண்ணிவிடாதீர்கள். கையெழுத்தை நிபுணர் பார்க்க வேண்டி வந்தால் அது இடைஞ்சல். 2020க்குப் பிறகு இன்சூரன்ஸ், பேட்டரி, டயர் என்று நீங்கள் கட்டிய ரசீதுகளையும் அதனோடு சேர்த்து வையுங்கள்.

செட்டுக்கு வாய்ச்சொல் போதாது

செட் கட்டடம், நிலத்தோடு சேர்ந்தது. அதைத் தானமாகவோ செட்டில்மெண்டாகவோ கொடுக்க, இரண்டு சாட்சிகளோடு எழுதிப் பதிவு செய்த பத்திரம் வேண்டும். ஊரே கூடி நின்று கேட்டிருந்தாலும் வாய்ச்சொல்லால் இடம் மாறாது. (இதே கேள்வி மேலப்பாளையத்து முஸ்லிம் வாசகரிடமிருந்து வந்திருந்தால் என் பதில் மாறியிருக்கும். அவர்கள் சட்டத்தில் வாய்மொழி ஹிபா, அதாவது தானம், சுவாதீனத்தோடு ஒப்படைத்தால், வீட்டுக்கும் செல்லும். நீங்கள் இந்து என்று எழுதியிருப்பதால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே சொல்கிறேன்.)

அப்படியானால் செட் யாருடையது? உயில் இல்லாமல் இறந்த அப்பாவின் சுய சம்பாத்தியச் சொத்து. முதல் வகுப்பு வாரிசுகள் அம்மா, அண்ணன், நீங்கள். ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு, வீட்டிலும் செட்டிலும் பக்கத்து முடுக்குச் சந்திலும். கல்யாணமானதால் உங்கள் பங்கு ஒரு துளிகூடக் குறையாது. அண்ணன் சொல்வது முழுக்கக் கற்பனையும் இல்லை. குடியிருக்கும் வீட்டைப் பிரிக்க ஆண் வாரிசுகள் முன்வரும்வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது என்று ஒரு பிரிவு முன்பு இருந்தது. 2005 திருத்தத்தில் அதை நீக்கிவிட்டார்கள். அண்ணன் கையில் இருப்பது பழைய சட்டம், அவ்வளவுதான்.

மூன்றில் ஒரு பங்குக்காரர் என்ற முறையில் அவராலும் உங்களையும் அம்மாவையும் கேட்காமல் செட்டை இடித்துக் கடை கட்ட முடியாது. முயன்றால் பாகப்பிரிவினை வழக்குப் போட்டு, அதிலேயே தடை உத்தரவு கேட்கலாம். அவர் தன் பங்கை வெளியாளுக்கு விற்கப் போனால், அதை வாங்கிக்கொள்ளும் முன்னுரிமையும் உங்களுக்கும் அம்மாவுக்கும் உண்டு.

பன்னிரண்டு வருஷம் செட்டை வைத்திருந்தால் தனக்கே ஆகிவிடும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது அந்நியர் இடத்துக்கான கணக்கு. பங்காளிகளில் ஒருவர் சொத்தை வைத்திருந்தால், எல்லோருக்காகவும் வைத்திருப்பதாகவே சட்டம் கருதும். மற்றவர்களின் உரிமையை வெளிப்படையாக மறுத்து அவர்களை வெளியேற்றினால்தான் வேறு பேச்சு. வீட்டுத் தீர்வை ரசீது, கரண்ட் பில் யார் பெயரில் இருக்கிறது என்பதும் உரிமையைத் தீர்மானிக்காது.

நாலரை லட்சத்தை இப்போது கொட்டாதீர்கள்

உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்கவைத்த வரி, ‘அடுத்த வாரம் கொத்தனாருக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறேன்’ என்பதுதான். கொஞ்சம் பொறுங்கள்.

கூட்டுச் சொத்தில் ஒருவர் தன் இஷ்டத்துக்குச் செலவு செய்தால் மற்றவர்களிடம் அதை வசூலிக்கும் உரிமை பொதுவாகக் கிடையாது. பாகம் பிரிக்கும்போது, செலவு செய்தவருக்கே அந்தப் பகுதி போகட்டும் என்று நீதிமன்றம் நியாயம் பார்த்து ஒதுக்கலாம், ஒதுக்காமலும் போகலாம். அந்த ‘லாம்’மை நம்பி நாலரை லட்சம் போடுவது சரியாக எனக்குத் தோன்றவில்லை. அண்ணன் முன்பு ‘உன் இஷ்டம்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். வாதாட உதவும், பத்திரத்துக்கு ஈடாகாது.

சாய்ந்த சுவருக்கு முட்டுக்கொடுப்பது, உடைந்த ஓட்டை மாற்றுவது, கார் நனையாமல் பார்ப்பது, இதெல்லாம் சொத்தைக் காப்பாற்றும் செலவு. இதற்கு யாரும் குறை சொல்ல முடியாது, தயங்காமல் செய்யுங்கள், பில் வாங்குங்கள். இடித்துக் கான்கிரீட் போடுவது வேறு ஜாதி. அதற்கு மாநகராட்சியின் கட்டட அனுமதி வேண்டும்; மனுவோடு உரிமை ஆவணம் கேட்பார்கள். பத்திரம் அப்பா பெயரில், வாரிசுகள் மூன்று பேர் எனும்போது மூன்று பேர் கையெழுத்தும் தேவை. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். அது 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுகிறவர்களுக்காக வந்தது. உங்கள் வேலை அதில் அடங்குமா என்பதை உரிமம் பெற்ற பொறியாளர் வரைபடத்தைப் பார்த்துச் சொல்லட்டும். ஆனால் சுயசான்று என்பது நீங்களே உண்மை சொல்லிக் கையெழுத்திடுவது. பங்குதாரர்களை மறைத்துக் கையெழுத்திட்டால் அனுமதி ரத்தாகும், அண்ணன் கையில் நீங்களே ஆயுதம் கொடுத்த மாதிரியும் ஆகும்.

உங்களுக்கு இருக்கும் வழிகளில் எனக்குப் பிடித்தது முழுப் பாகப்பிரிவினைப் பத்திரம். செட் உங்களுக்கு, அதற்கு ஈடாக வீட்டின் பின்கட்டில் அண்ணனுக்குக் கூடுதலாக, அம்மாவின் பங்கு அம்மாவுக்கு என்று அளந்து எழுதிப் பதிவு செய்வது. குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு, அதற்கு உச்ச வரம்பும் உண்டு. தெருவைப் பார்த்த இடம் பின்கட்டைவிட விலை கூடுதல் என்று அண்ணன் வாதிடுவார். அதில் நியாயம் இருக்கிறது. சதுர அடியைப் பார்க்காமல் மதிப்பைப் பார்த்துப் பேசுங்கள். இன்னொரு வழி, செட் பகுதியில் மட்டும் அவர்கள் இருவரும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து உங்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தருவது. இதற்கு அண்ணனுக்குப் பணம் கொடுக்க வேண்டியிருக்கும். நாலரை லட்சத்தில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கலாம், அது வீண் செலவில்லை.

அம்மா ஒரு முழுப் பங்கையும் உங்களுக்கே எழுதித் தரத் தயார் என்கிறீர்கள். இப்போது வாங்காதீர்கள். அவர் உயிரோடு இருக்கும்வரை அவர் பெயரில் ஒரு பங்கு இருப்பது அவருக்கும் நல்லது, உங்களுக்கும் அண்ணனுக்கும் நடுவில் பேச்சுவார்த்தை அறுந்துபோகாமல் இருக்கவும் நல்லது.

காரை எடுத்துக்கொண்டு செட்டை விட்டுவிடும் யோசனையையும் தள்ளிவிடாதீர்கள். வேறு இடத்தில் தகரக் கொட்டகை போட்டு வேலையை முடிப்பது, கூட்டு இடத்தில் கான்கிரீட் போட்டுவிட்டு வழக்காடுவதைவிட மலிவு. அப்பாவின் பேச்சில் செட்டும் இருந்ததால் மனசு கேட்காது என்று தெரியும். ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

ஆர்.சி. புத்தகமும் ஐம்பது தாண்டிய காரும்

முதலில் பயத்தைத் தீர்க்கிறேன். 15 வருஷம் தாண்டிய வண்டியைப் பிடிப்பதும் ஒதுக்குவதும் டெல்லி வட்டாரத்து விவகாரம். தமிழ்நாட்டில் தனியார் காரைத் தகுதி பார்த்து, ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31இல் பெயர் மாற்றக் கேட்க வேண்டும். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். கதவு மூடிவிடவில்லை, தாமதக் கட்டணம் வரும். இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் அண்ணனும் தரும் ஆட்சேபணையின்மைப் பிரமாணம் ஆகியவை வேண்டும். சாவி கொடுத்ததே தானம் என்று மேலே சொன்னேன்; அதை ஆர்.டி.ஓ. கவுண்டரில் வாதாடப் பார்க்காதீர்கள், அங்கே அவர்களுக்கு வேண்டியது வாரிசுகளின் கையெழுத்து. ஆகவே காருக்கான கையெழுத்தை இப்போதே, செட் பேச்சு சூடாவதற்கு முன்பே, அண்ணனிடம் வாங்கிவிடுங்கள். கார் மேல் அவருக்கு ஆசை இருப்பதாக உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை.

ஊறிய ஆர்.சி. புத்தகத்தைப் பிரித்துக் காயவைக்கிறேன் என்று தாள்களைக் கிழித்துவிடாமல், இருக்கிற நிலையிலேயே நகல் எடுங்கள். நகல் ஆர்.சி.க்குப் படிவம் 26. 1972 பதிவு இணையத்தில் ஏறாமல் பழைய ரிஜிஸ்டரிலேயே இருக்க வாய்ப்பு அதிகம். அதைக் கணினியில் ஏற்றச் சொல்லித் தனியாக எழுத்தில் மனு கொடுங்கள். இல்லாவிட்டால் மற்ற எந்த மனுவும் நகராது.

இனி பழுதுபார்க்கும் விஷயம். முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, வாடகைக்கு ஓடாத கார்களை ‘விண்டேஜ்’ என்று தனியாகப் பதிவு செய்ய 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. உங்கள் கார் அந்த வயதைத் தாண்டிவிட்டது. கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000. ஏற்கெனவே இருக்கும் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிப் பதிந்தால் அன்றாடம் ரோட்டில் ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது போன்றவற்றுக்கு மட்டும்தான். அம்மாவை ஏற்றிக்கொண்டு நெல்லையப்பர் கோவிலுக்குப் போக ஆசைப்படுகிறீர்கள். அதற்குச் சாதாரணப் புதுப்பித்தல்தான் சரி. எனக்குக் கேட்டால் அதையே செய்யச் சொல்வேன்.

எந்த வழியில் போனாலும் டீசல் எஞ்சின் வேண்டாம். விண்டேஜ் பதிவுக்கு வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்த வண்டி தகுதி இழக்கும். சாதாரணப் பதிவிலும் ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக எஞ்சினையோ எரிபொருளையோ முன் அனுமதியின்றி மாற்றக் கூடாது. 1489 சிசி பெட்ரோல் எஞ்சினுக்குப் பதில் வேறொன்று உட்கார்ந்திருப்பதை, எண்ணைப் படிக்கும் இன்ஸ்பெக்டர் அரை நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார். பிறகு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் அதையே பிடித்துக்கொள்ளும்.

இதைவிட முக்கியமாக ஒன்று. வெள்ளத்தில் நின்ற வண்டி என்பதால் அடித்தகடு துருப்பிடித்து, வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் வைக்கப் போகிறார்கள். டிங்கரிங்காரர் கட்டரை எடுப்பதற்கு முன் சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் எங்கே குத்தியிருக்கின்றன என்று காட்டச் சொல்லுங்கள். துருவைத் துடைத்து, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து பிரிண்ட் எடுங்கள். தேதி தெரிய போட்டோவும் எடுங்கள். அந்த எண் உள்ள துண்டு பழைய இரும்போடு சேர்ந்து காயலான் கடைக்குப் போய்விட்டால், அந்தக் காருக்கு அப்புறம் நீங்கள் யாரிடமும் அடையாளம் சொல்ல முடியாது.

பாடியைத் தன் பட்டறைக்கு எடுத்துப் போக மெக்கானிக் கேட்கிறார் அல்லவா, கழற்றிய சாமான் பட்டியலும் மதிப்பீடும் இருவர் கையெழுத்தோடு இருந்தால் மட்டும் அனுப்புங்கள். செய்த வேலைக்குக் கூலி வரும்வரை வண்டியைப் பிடித்துவைக்கும் உரிமை அவருக்குச் சட்டப்படியே உண்டு. பட்டியல் இல்லாவிட்டால் எந்த வேலைக்கு எவ்வளவு கூலி என்பதிலேயே சண்டை வரும். வேலை செய்யாமல் இழுத்தடித்தால் இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வேலைக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் பாதி நியாயம்

மூன்றடி உயர்த்தினால் மழைத் தண்ணீர் முடுக்கில் இறங்கித் தன் வீட்டுக்குள் வரும் என்பது அவர் புகார். வெள்ளத்தைப் பார்த்த தெருவில் இது வெறும் வம்பு இல்லை. உங்கள் கூரைத் தண்ணீரும் தரைத் தண்ணீரும் உங்கள் எல்லைக்குள்ளேயே குழாயில் இறங்கித் தெரு வாறுகாலுக்கு (சாக்கடைக்கு) போகும்படி வரைபடத்தில் காட்டுங்கள். அதை அவரிடமும் காட்டுங்கள். உயர்த்திய செட்டுக்குக் கார் ஏற வேண்டுமென்றால் சாய்தளம் வேண்டும். அதை வாறுகாலை மூடித் தெருவில் நீட்டப் பொறியாளர் யோசனை சொல்லியிருந்தால் தள்ளிவிடுங்கள். தெரு மாநகராட்சியுடையது, என்றைக்கு வேண்டுமானாலும் பெயர்த்து எடுக்கலாம். மூன்றடிக்குச் சாய்தளம் உங்கள் இடத்துக்குள் அடங்குமா என்று முதலில் அளந்து பாருங்கள். அடங்காது என்றுதான் நினைக்கிறேன். ஒன்றரை அடியோடு நிறுத்திக்கொண்டால் சண்டையும் பாதியாகும். மற்றபடி நடுச்சுவர் பொதுச் சுவரா என்று பத்திரத்தின் நான்கெல்லையைப் பாருங்கள். பொதுச் சுவரானால் அவர் சம்மதம் இல்லாமல் அதன்மேல் கான்கிரீட்டின் பாரத்தை ஏற்ற வேண்டாம்.

செட்டில் பெட்ரோல் சேர்த்துவைப்பதாக எழுதியிருந்தீர்கள். உரிமம் இல்லாமல் 30 லிட்டர் வரைதான், அதுவும் இறுக மூடிய உலோகக் கேனில்; ஒரு கேனுக்கு 25 லிட்டருக்கு மேல் கூடாது. வெல்டிங் நடக்கும் நாளில் அந்தக் கேன் செட்டில் இருக்கவே கூடாது.

கல்யாண வாடகையை மறந்துவிடுங்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிவான காரை வாடகைக்கு விடுவது பெர்மிட் இல்லாமல் ஓட்டுவது. அபராதம் 10,000 ரூபாய். விண்டேஜ் பதிவிலும் வணிகப் பயன்பாடு கூடாது. ஊர்வலத்தில் யார் காலிலாவது ஏறிவிட்டால் நஷ்ட ஈடு உங்கள் தலையில். போட்ட 1,80,000த்தைக் காரிலிருந்து எடுக்க வழியில்லை என்று வைத்துக்கொண்டு, மேற்கொண்டு எவ்வளவு போடலாம் என்பதை முடிவு செய்யுங்கள்.

அண்ணனுக்கு இந்த வாரமே ஒரு கடிதம் அனுப்புங்கள், பதிவுத் தபாலில் வேண்டாம், சாதாரணமாகவே. ‘சாய்ந்த சுவருக்கு முட்டுக்கொடுத்து ஓடு மாற்றுகிறேன், இவ்வளவு ஆகும். கார் பெயர் மாற்ற உங்கள் கையெழுத்து வேண்டும். செட்டைப் பற்றி அம்மாவை வைத்துக்கொண்டு பேசலாம், நீங்கள் ஊருக்கு வரும் தேதியைச் சொல்லுங்கள்.’ இவ்வளவு போதும். சட்டப் பிரிவு எதையும் அதில் எழுதாதீர்கள். பதில் வராமல் போனாலோ, செட்டில் யாராவது கடப்பாரையோடு வந்து நின்றாலோ, 1974 பத்திரம், வாரிசுச் சான்றிதழ், டைரி, ரசீதுகளோடு உங்கள் ஊர் வக்கீல் ஒருவரை அன்றைக்கே பாருங்கள்.